அஃப்ஸானாவக் கேளு

கும்மிடிப்பூண்டி பஜாரில் ஒரு வீட்டில் விசேஷம் என்றால், அந்த வீட்டின் சொந்தபந்தங்களுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே ஹாஜிராவுக்குத் தெரிந்துவிடும்.

இதில் மாயமந்திரம் ஒன்றும் இல்லை. அவள் கணவர் ஹனீப் பாத்திரம், பந்தல், மைக் செட் எல்லாம் வாடகைக்கு விடுகிறவர். கல்யாணமோ காதுகுத்தோ சிப்காட் கம்பெனியின் ஆயுத பூஜையோ, அண்டா இல்லாமல் நடக்காது. அண்டா வேண்டுமென்றால் கடை வாசலில் நீல பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஹாஜிராவைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். ஐந்து அண்டா சொல்லிவிட்டுப் போனவர் மறுநாள் வந்து மூன்று போதும் என்றால், சொந்தத்தில் ஒரு கூட்டம் கோபித்துக்கொண்டது என்று அர்த்தம். எந்தக் கூட்டம், எதற்காகக் கோபம் என்பதைப் பொழுது சாய்வதற்குள் கண்டுபிடித்து, எதிர்வீட்டுக் கெங்கம்மாளிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் ஹாஜிரா தொழுகைக்கு எழுந்திருப்பாள். கெங்கம்மாள் இட்லிக் கடைக்காரி. வாங்கிய சரக்கை ராத்திரி முழுக்கப் பத்திரமாக வைத்திருந்து, காலையில் நாஷ்டாவோடு சேர்த்து எல்லோருக்கும் பரிமாறிவிடுவாள்.

அப்படிப்பட்ட ஹாஜிராவுக்குத் தெரியாமல் 2007-ஆம் வருஷம் ஒரு பாட்டு ஊரையே சுற்றி வந்துகொண்டிருந்தது.

அவள் அதை முதலில் கேட்டது ஒரு ஷேர் ஆட்டோவில். சிப்காட் பக்கம் ஒரு கேன்டீனில் பாத்திரம் திரும்பி வராத விவகாரத்தைப் பேசி முடித்துவிட்டு, இந்தப் பக்கம் இரண்டு பேர், அந்தப் பக்கம் இரண்டு பேர் நெருக்க, நடுவில் ஊறுகாய் போல உட்கார்ந்து வந்தாள். ஓட்டுநர் ஒரு பொத்தானை அமுக்கினார். லாரி மேட்டில் கியர் மாற்றுவதுபோல் ஒரு எலெக்ட்ரிக் கிடார் உறுமியது. அதன் மேல் ஒரு தாளம் விழுந்தது. டிரம்ஸ் இல்லை, தவில் இல்லை, ஏதோ செம்போ பித்தளையோ அடிவாங்கும் சத்தம். அப்புறம் கரகரவென்று, தண்ணீர்க் குழாய்க்குள் உட்கார்ந்து பாடுவதுபோல் ஒரு பெண் குரல்:

ஐஸு வண்டி ஏறி வந்த மாப்ள ஊட்டாரு
அத்தர் பூசி எறா வாசம் மறைக்கப் பாத்தாரு
நாத்தனாரு தட்டுல நல்லி எலும்பு நாலு
நாலையும் உறிஞ்சிட்டு கேக்குறாங்க பாலு
பாதி பந்தி பட்டினியாம், பாவம் மத்த ஆளு
அண்டாவயே காணோம்னா அஃப்ஸானாவக் கேளு

ஆட்டோவில் இருந்த கம்பெனிப் பையன்கள் “கேளு! கேளு!” என்று இரும்புக் கம்பியில் அடித்தார்கள். ஹாஜிரா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். பாட்டு பிடிக்கவில்லை என்பதற்காக அல்ல. பாட்டு அவளுடையது.

அவளுடையது என்றால், வார்த்தைக்கு வார்த்தை அவள் கட்டியது. இருபது வருஷத்துக்கு முன்னால் பொன்னேரியில் அவள் அக்காவின் கல்யாணம். மாப்பிள்ளை வீடு பழவேற்காட்டு இறால் வியாபாரிகள். ஆண்கள் பந்தி முடிந்ததும் இரண்டு வீட்டுப் பெண்களும் எதிரெதிராக உட்கார்ந்து, குடத்தையோ தாம்பாளத்தையோ தட்டி ஒருவரை ஒருவர் கேலி செய்து பாடுவது வழக்கம். எதை வேண்டுமானாலும் கேலி செய்யலாம். கேலிக்கு ஆளானவர்கள் சிரித்துக்கொண்டே பதில் பாட வேண்டும். முகம் சுளித்தவர்கள் தோற்றவர்கள். அப்போது ஹாஜிராவுக்குக் கல்யாண வயது வரவில்லை, வாய்க்கு மட்டும் வந்திருந்தது. மாப்பிள்ளையின் தங்கை அஃப்ஸானா இடுப்பில் குழந்தையோடு பந்தியில் உட்கார்ந்து, குழந்தைக்குக் கொஞ்சம் பால் கேட்டாள். அவ்வளவுதான். ஹாஜிரா ஒரு அண்டாவைக் கவிழ்த்துப் போட்டு அந்த இடத்திலேயே பாட்டுக் கட்டிவிட்டாள்.

மாப்பிள்ளை வீட்டில் பாடக்கூடிய ஒரே அம்மாளுக்கு அன்று தொண்டை கட்டியிருந்தது. பதில் வரவில்லை. பெண் வீட்டார் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அஃப்ஸானா முகத்தைத் தூக்கிக்கொண்டு, வைத்த இனிப்பைக்கூடத் தொடாமல் வண்டியேறிவிட்டாள். கல்யாண ஜோடி மலேசியா போய் அங்கேயே தங்கிவிட்டது. இடையில் ஆள் இல்லாததால் அந்தப் பிணக்கும் அப்படியே தங்கிவிட்டது. பழவேற்காட்டுக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் பஸ் போய் வந்தது, இந்த இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை.

அதே அஃப்ஸானா வீட்டிலிருந்துதான், யாரும் எதிர்பாராத விதமாக, போன மாதம் பெண் கேட்டு ஆள் வந்திருந்தது. அன்று இடுப்பில் இருந்த குழந்தை சஹாபுதீன் இன்று வேன் வைத்து இறால் வியாபாரம் செய்கிற மாப்பிள்ளை. கேட்டது ஹாஜிராவின் ஒரே மகள் நௌஷீனை. பொன்னேரிக் கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கும் நௌஷீன் அதற்கு முன் வந்த மூன்று வரன்களுக்கும் மூக்கு சரியில்லை, மீசை சரியில்லை, பேச்சு சரியில்லை என்று காரணம் சொன்னவள். இந்தப் போட்டோவைப் பார்த்ததும் தரையைப் பார்த்து “உங்க இஷ்டம்மா” என்றாள். அஃப்ஸானா எல்லாவற்றையும் மறந்துவிட்டாள் என்று ஹாஜிராவுக்கு ஆனந்தம். நிச்சயதார்த்தத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்தாகிவிட்டது.

இந்த நேரத்தில்தான் ஒரு தாலுகா முழுக்க வருங்காலச் சம்பந்தியின் பெயரைச் சொல்லி, அவள் அண்டாவைத் தின்றுவிட்டதாகப் பாடிக்கொண்டிருந்தது. இது பழவேற்காட்டுக்கு எட்டினால் நிச்சயதார்த்தமாவது, நிக்காஹ்வாவது. ஹாஜிரா வீடு வந்து சேர்வதற்குள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். பாடியவள் யார் என்று கண்டுபிடித்து, அவள் வாயை மூடி, பாட்டை ஊரிலிருந்தே வழித்துத் துடைத்துவிட வேண்டும். அண்டா துடைத்துப் பழகிய கை.

தேட ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, துடைக்க வேண்டிய இடம் கொஞ்சநஞ்சம் அல்ல. காதில் விழாதவரைக்கும் இல்லாதிருந்த பாட்டு, விழுந்த பிறகு எங்கே திரும்பினாலும் இருந்தது. பஸ் கண்டக்டர் டிக்கெட் கேட்டால் மாணவர்கள் “அஃப்ஸானாவக் கேளு” என்றார்கள். சூப்பர்வைசர் ஸ்பேனரைக் காணோம் என்றால் ஷிப்டே “அஃப்ஸானாவக் கேளு” என்றது. செல்போன் வைத்திருந்தவன் எல்லாம் அதை ரிங்டோனாக வைத்திருந்தான். இல்லாதவன் வாயால் வைத்திருந்தான். கும்மிடிப்பூண்டி லோக்கலில் காலையில் ஒரு பெட்டியில் பஜனை நடக்கும், பக்கத்துப் பெட்டியில் ரயிலின் தகரச் சுவரை அடித்துக்கொண்டு இந்தப் பாட்டு நடக்கும். பஜனைக் கோஷ்டியில் ஒருவர் ஜால்ராவை இந்தத் தாளத்துக்குத் தட்டிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாராம்.

இந்த வகைப் பாட்டுக்கு ‘அண்டா ராக்’ என்று பெயரும் வைத்திருந்தார்கள். பொன்னேரிக் கல்லூரி விழாவில் ஆரம்பித்தது அது. மூன்றே மாதத்தில் செவ்வாப்பேட்டையில் ஒரு குழு தவலையும் கிடாருமாக ஏற்றம் இறைக்கிற பாட்டைப் பாடியது. திருவாலங்காட்டில் நான்கு பேர் பால் கேன்களைக் கட்டிக்கொண்டு நாற்று நடுகிற பாட்டை நட்டார்கள். ஹனீபின் கடைக்கே தலைமுடி வளர்த்த பையன்கள் வந்து ஒவ்வொரு பாத்திரமாகத் தட்டிப் பார்த்தார்கள். அண்டாவில் எத்தனை படி அரிசி வேகும் என்று ஒருவனும் கேட்கவில்லை. ஹாஜிரா இத்தனை நாளும் அவர்களைச் சமையல் மாஸ்டர்கள் என்று நினைத்து, இந்தக் காலத்தில் படித்த பையன்களே சமைக்க வந்துவிட்டார்கள் என்று கெங்கம்மாளிடம் பெருமைப்பட்டிருந்தாள்.

யார் வாயிலிருந்து பாட்டு வெளியே போனது? அன்று பொன்னேரியில் அவளோடு உட்கார்ந்திருந்த பெண்கள் ஒவ்வொருவருக்கும் போன் போட்டாள். நலம் விசாரிப்பதுபோல் ஆரம்பித்து, பேரப்பிள்ளைகளைப் பற்றிக் கேட்டு, கடைசியில் கொக்கியைப் போடுவாள். ஒருத்திக்குப் பாட்டே ஞாபகமில்லை. இன்னொருத்திக்குக் கல்யாணமே ஞாபகமில்லை. வழி தெரியாமல் கெங்கம்மாளிடம் வந்து, யாருக்கும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, அவள் வாழ்நாளில் முதல் தடவையாகத் தன் வீட்டு விஷயம் ஒன்றை வெளியே எடுத்து வைத்தாள்.

கெங்கம்மாள் கரண்டியை மாவில் போட்டுவிட்டு அவளையே பார்த்தாள்.

“அது நீ பாடுற பாட்டுதானேக்கா?”

“நான் எங்கடீ பாடுனேன்?”

“தெனம் பாத்திரம் கழுவி அடுக்க சொல்ல பாடிக்கினுதானே கீற. தெருவுக்கே மனப்பாடம். நான் ஏதோ உங்க சாமி பாட்டுன்னு நெனச்சி, காலைல அத்தக் கேட்டு ஒரு கும்புடு போட்டுட்டுதான் அடுப்பே பத்த வெப்பேன்.”

ஹாஜிரா உட்கார்ந்துவிட்டாள். தான் முணுமுணுப்பது அவளுக்கே தெரியாது. இருபது வருஷமாக அந்த வெற்றியை அவள் தினம் ஒரு தடவை துலக்கி அடுக்கிக்கொண்டிருந்திருக்கிறாள். தெருவில் போகிற எவள் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். நல்லி எலும்புக்கு இத்தனை வருஷமாகக் கும்பிடு வாங்கிய பாட்டு என்பதில் உள்ளூர ஒரு சந்தோஷமும் வந்தது. அதை அவள் வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

மறுநாள் குப்புராஜ் கடைக்குப் போனாள். சி.டி. விற்கிறவர். அவரிடமிருந்து வாங்கிய அட்டையில் ஆள் படம் இல்லை, பெயர் இல்லை, கவிழ்த்துப் போட்ட ஒரு அண்டாவின் படம் மட்டும். யார் கொண்டுவந்து போடுகிறார்கள் என்று கேட்டதற்கு, நெற்றியில் நாமம் போட்ட ஒரு பையன் என்றார் குப்புராஜ். சரக்கு வந்த அன்றே தீர்ந்துவிடுகிறதாம். அவருக்கும் பாடும் பெண் யார் என்று தெரியவில்லை. கல்லூரிப் பிள்ளைகளுக்குத் தெரியும் போலிருக்கிறது, கேட்டால் சிரிக்கிறார்கள் என்றார். கல்லூரிப் பிள்ளைகள் ஒரு ரகசியத்தைக் காப்பாற்றுவது அம்மாக்களிடமிருந்து மட்டும்தான்.

“நல்லா சத்தமா வைங்கண்ணே, ஒரு தபா,” என்றாள் ஹாஜிரா.

குப்புராஜ் பெரிய ஸ்பீக்கரில் போட்டார். இந்தத் தடவை ஹாஜிரா குரலைக் கேட்கவில்லை. அடியைக் கேட்டாள்.

பாத்திர வாடகைத் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. திரும்பி வரும் பாத்திரத்தை விரல் முட்டியால் தட்டிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். நல்ல பாத்திரம் ‘டங்’ என்று நீளமாகப் பேசும். ஓட்டை விழுந்தது ‘டப்’ என்று வாயை மூடிக்கொள்ளும். கவரைப்பேட்டை ரயில்வே கேட்டில் லாரியிலிருந்து உருண்டு, அடியில் ஒட்டுப் போட்டு வந்த பெரிய அண்டா ஒன்று ஹனீப் கடையில் உண்டு. அது மட்டும் ‘டங்ங்ஙொய்’ என்று முதலில் அதட்டி, அப்புறம் முனகும். கடையில் அதற்குப் பெயரே ‘பெரிய மாமா’.

ஸ்பீக்கரில் அதட்டி முனகிக்கொண்டிருந்தது பெரிய மாமா.

ஹாஜிரா சி.டி.யைக்கூடத் திருப்பிக் கொடுக்காமல் நடந்தாள். கடைக்குப் பின்னால் இருந்த கொடவுன் வாசலில் ஹனீப் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். கடந்த சில மாதங்களாகவே மத்தியானம் கல்லாவை விட்டுவிட்டு அவர் இங்கே வந்து உட்காருவதும், உள்ளே சத்தம் கேட்கிறதே என்றால் பாத்திரம் தட்டிப் பார்க்கிறோம் என்று சொல்வதும் அவளுக்கு இப்போதுதான் ஒன்றோடொன்று ஒட்டியது. எவன் எவளைப் பார்த்தான் என்று பஜார் முழுக்கத் துருவியவள், தன் முதுகுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்ததில்லை. ஹனீப் எழுந்து நிற்க முயன்றார். அவள் பார்த்த பார்வையில் மறுபடியும் உட்கார்ந்தார்.

உள்ளே கடையின் ஆம்ப்ளிபயர், கடையின் ஸ்பீக்கர், கடையின் மைக். நெற்றியில் திருமண், கழுத்தில் கிடார் என்று ஒரு பையன். அவன் விஷ்ணுவர்தன். திருவள்ளூரில் கோயில் கைங்கரியம் செய்யும் ஸம்பத்குமாரின் மகன், சிப்காட் கம்பெனியில் டிரெய்னி. அப்பாவிடம் ஓவர்டைம் என்று சொல்லிவிட்டு, பெரியபாளையம் வழியாக பஸ் மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தான். அமாவாசை தோறும் திருவள்ளூர்க் குளத்துக்கு வெல்லம் கரைக்க வரும் கூட்டத்துக்காகக் கோயிலில் ஆள் பற்றாது, அன்றைக்கு மட்டும் ராக்குக்கு லீவு. பெரிய மாமாவைக் கவிழ்த்துப் போட்டு இரண்டு கரண்டிகளோடு உட்கார்ந்திருந்தவன் ஜோசப், உருக்காலையில் வேலை. இவர்கள் நடுவில், பிரியாணிக் கரண்டியில் கயிற்றால் கட்டிய மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள் நௌஷீன்.

ஜோசப் இரண்டு கரண்டிகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

திட்டுகள் வரிசையாக வந்தன. எல்லாம் முடிந்த பிறகு நௌஷீன் சொன்னதன் சாரம் இது: பாட்டைப் பதிவு செய்தபோது அஃப்ஸானா என்று உயிரோடு ஒருத்தி இருக்கிறாள் என்றே அவளுக்குத் தெரியாது. அம்மா முணுமுணுக்கும் பாட்டில் வரும் கற்பனைப் பெயர் என்று நினைத்தாள். பெண் கேட்டு வந்து, மாப்பிள்ளையின் தாயார் பெயரைச் சொன்ன அன்றுதான் அவளுக்கும் விஷயம் உறைத்தது. அம்மாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகுமோ என்று அவள் பயந்துகொண்டிருக்க, சம்பந்திக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்று இவள் பயந்துகொண்டிருந்திருக்கிறாள்.

“உன் கொரலு எனக்கே தெரியலயேடீ,” என்றாள் ஹாஜிரா. கோபத்தைவிட அதுதான் அவளை அதிகமாகக் குத்தியது.

“மெஷின் போட்டு மாத்திட்டோம் ஆன்ட்டி,” என்றான் விஷ்ணுவர்தன் பணிவாக. பாட்டைத் திரும்ப வாங்க முடியாதா என்று கேட்டதற்குக் கையைப் பிசைந்தான். “ப்ளூடூத்ல போயிடுச்சு ஆன்ட்டி. இப்ப ஆவடி தாண்டி இருக்கும்.” அப்புறம், இத்தனை நாளாகக் கேட்க நினைத்திருந்ததைக் கேட்டுவிட்டான். கோயிலில் பாசுரம் சேவிக்கும்போது இந்தப் பக்கம் ஒரு வரிசை, எதிர்ப்பக்கம் ஒரு வரிசை நிற்கும், இவர்கள் ஒரு அடி சொன்னால் அவர்கள் அடுத்த அடி எடுப்பார்கள். “இந்தப் பாட்டுக்கு எதிர்ப்பக்கமே இல்லையே ஆன்ட்டி. பாதில நிக்கற மாதிரியே இருக்கு. மீதி எங்க?”

மீதி பழவேற்காட்டில் இருக்கிறது, அது வராமல் இருக்கத்தான் துவா செய்துகொண்டிருக்கிறேன் என்று ஹாஜிரா சொல்லவில்லை. பெயரையாவது மாற்றித் தொலையுங்கள் என்றாள். மாற்றினார்கள். ‘சரோஜாவக் கேளு’ என்று புதிய சி.டி. வெளிவந்தது. பொன்னேரிச் சந்தையிலிருந்து மூன்று சரோஜாக்கள் குப்புராஜ் கடை வாசலில் வந்து இறங்கியதோடு அந்தத் திட்டமும் முடிந்தது.

நிச்சயதார்த்த நாள் வந்தது. ஹாஜிரா ஒரு போர்க்களத்துக்குச் செய்கிற ஏற்பாடு செய்திருந்தாள். ஷேர் ஆட்டோ ஸ்டாண்டில் அன்று பாட்டே கூடாது என்று கெஞ்சியிருந்தாள். குப்புராஜ் கடைக்கு ஷட்டர் இறக்க வைத்தாள். தெருமுனையில் கெங்கம்மாளைக் காவலுக்கு நிறுத்தி, எந்தப் பையனாவது வாயைத் திறந்தால் அதில் இட்லியைத் திணிக்கும்படி சொல்லியிருந்தாள். எல்லாவற்றுக்கும் மேலாக, தன் கடை அண்டா ஒன்றுகூடச் சம்பந்தியின் கண்ணில் படக் கூடாது என்று பிரியாணியைப் போட்டிக் கடைப் பாத்திரத்தில் சமைக்க வைத்து, பொட்டலம் பொட்டலமாகக் கட்டி வரவழைத்தாள். இருபத்தைந்து வருஷத் தொழிலில் ஹனீப் அவ்வளவு அவமானப்பட்டதில்லை. ஆனாலும் அவர் அன்று வாயே திறக்கவில்லை. அது ஏன் என்று ஹாஜிரா யோசித்திருக்க வேண்டும்.

பழவேற்காட்டு வேன் வந்து நின்றது. அஃப்ஸானா இறங்கினாள். உடம்பு கொஞ்சம் கனத்திருந்தது, மற்றபடி அதே முகம். ஸலாம் சொல்லிக் கட்டிப்பிடித்து, நௌஷீனுக்கு மோதிரம் போட்டு, நெற்றியில் முத்தம் கொடுத்தாள். பந்தியில் எல்லாவற்றையும் நிதானமாகச் சாப்பிட்டாள். இனிப்பை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினாள். ஆண்கள் பந்தி முடிந்து வெளியே போய் உட்கார, பெண்கள் பாயை விரித்து உள்ளே கூடினார்கள். ஹாஜிராவுக்கு மூச்சு இப்போதுதான் சீராக ஆரம்பித்திருந்தது.

அஃப்ஸானா நாலாபக்கமும் பார்த்தாள்.

“இன்னா சம்பந்தி, பாத்திரக் கடைக்காரங்க ஊடு. பந்தி முடிஞ்சிது, ஒரு அண்டாவயும் காணோமே?”

அந்த வரியின் அடுத்த பாதி கூடத்தில் எல்லோர் நாக்கிலும் வந்து உட்கார்ந்திருந்தது. விழுங்க முடியாமல் ஒரு சின்னப் பெண் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். ஹாஜிரா கண்ணை மூடினாள். போச்சு, மோதிரத்தைக் கழற்றப் போகிறாள்.

“காணோம்னா யாரக் கேக்கணும்?” என்றாள் அஃப்ஸானா. “என்னைத்தானே? நானே எடுத்துக்கினு வந்துட்டேன்.”

வாசலில் வேனின் பின்கதவு திறந்தது. சஹாபுதீனும் ஜோசப்பும் ஆளுக்கொரு காதைப் பிடித்துப் பெரிய மாமாவைத் தூக்கிக்கொண்டு வந்து அஃப்ஸானாவின் முன்னால் கவிழ்த்தார்கள். பின்னாலேயே விஷ்ணுவர்தன் ஒயரை இழுத்துக்கொண்டு ஜன்னல் ஓரம் நின்றான். ஹாஜிரா கணவரைத் தேடினாள். காலையிலேயே பெரிய மாமாவைச் சம்பந்திக்கே வாடகைக்குக் கொடுத்துவிட்டிருந்த ஹனீப், பந்தல் காலின் பின்னால் இருந்தார்.

அஃப்ஸானா உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினாள். பெரிய மாமா அதட்டி முனகியது. தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தாள்:

எவன் ஊட்டு அடுப்புல எது வேகுது கேளு
எவ எதுக்கு மூஞ்சி தூக்குனா, அதுக்கும் இவதான் ஆளு
பின்னால இருக்குற கொடவுன்ல பாட்டு பல நாளு
பெத்த பொண்ணு கொரலு தெரியாத ஹாஜிராவக் கேளு

கிடார் உறுமியது. பழவேற்காட்டுப் பெண்கள் அத்தனை பேரும் “கேளு! கேளு!” என்று கை தட்டினார்கள். ஒத்திகை பார்த்து வந்த தட்டு அது. தெருமுனையிலிருந்து கெங்கம்மாள் காவலை விட்டுவிட்டு ஓடிவந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இந்த முறை அவள் கும்பிடவில்லை, வார்த்தை வார்த்தையாகக் கேட்டு வைத்துக்கொண்டாள்.

கொடவுன் விவகாரம் முதற்கொண்டு பழவேற்காட்டுக்கு எப்படிப் போனது? ஹாஜிரா மகளைப் பார்த்தாள். நௌஷீன் கையிலிருந்த செல்போனைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டாள். அவளும் ஹாஜிராவின் மகள்தானே.

“மூணு மாசம் முன்னாடி எங்க ஊர் பையன் ஒருத்தன் எம்பேர ரிங்டோனா வெச்சிக்கினு வந்தான்,” என்றாள் அஃப்ஸானா, மூச்சு வாங்கிக்கொண்டு. “கேட்டதுமே தெரிஞ்சிது, இது யாரு சரக்குன்னு. எவ பாடுறான்னு பாத்துட்டு வாடான்னு எம்புள்ளய அனுப்புனேன். போனவன் பொண்ணப் பாத்துட்டு வந்து, கட்டி வைங்குறான். சரிதான்னு விட்டேன். உனக்குப் பதில் பாடணும்னா நானு சம்பந்தியா வந்து எதிர்ல ஒக்காரணுமே. வேற எங்க போயிப் பாடுறது, பஸ் ஸ்டாண்டுலயா?”

எல்லோர் கண்ணும் ஹாஜிராவின் முகத்தில் இருந்தது. வழக்கம் எல்லோருக்கும் தெரியும். சுளித்தால் தோல்வி. சுளித்துக்கொண்டு எழுந்து போனால் இன்னும் இருபது வருஷம். கதவோரம் சஹாபுதீன் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றான். நௌஷீன் மோதிரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

ஹாஜிராவின் முகம் சிவந்தது உண்மை. உதடு ஒரு பக்கம் இழுத்ததும் உண்மை. ஆனால் அவள் காது வேறு ஒரு வேலையில் இருந்தது. எழுந்து நேரே போய்ப் பெரிய மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒட்டுப் போட்ட இடத்தை விரல் முட்டியால் தட்டினாள்.

“நடுவுல தட்டாதீங்க சம்பந்தி, கம்மிப் போவுது. ஓரத்துல இங்க தட்டணும். ரெண்டாவது அடியில ‘மூஞ்சி தூக்குனா’ங்குற எடத்துல தாளம் இடிக்குது, கேட்டீங்களா? அங்க ஒண்ணு விட்டு அடிங்க.”

அஃப்ஸானா ஓரத்தில் தட்டிப் பார்த்தாள். இடிக்கவில்லை. “அட, ஆமா,” என்றாள் மனமில்லாமல்.

“இன்னொரு தபா மொதல்லேர்ந்து பாடுங்க. டேய் அய்யங்கார் புள்ள, சும்மா நின்னுக்கினு கீறியே, அத்த ரெக்கார்ட் பண்ணு. மெஷின் கிஷின் போட்டு கொரல மாத்தக் கூடாது. யாரு பாடுனாங்கன்னு ஊருக்குத் தெரியணும்.” முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்தாள். “பதிலு நிக்காஹ் அன்னைக்கு. எறால விட்டுட்டேன்னு நெனச்சிக்காதீங்க, எங்கிட்ட இன்னும் நண்டு பாக்கி கீது.”

அப்போதுதான் ஹனீப் பந்தல் காலின் பின்னாலிருந்து தலையை நீட்டினார்.

நிக்காஹ்வுக்கு இன்னும் நாள் இருந்தது. அதற்குள் ‘ஹாஜிராவக் கேளு’ ஷேர் ஆட்டோவில் ஏறி, லோக்கலில் ஏறி, ஆவடியைத் தாண்டிவிட்டது. மத்தியானங்களில் ஹாஜிராவின் நீல நாற்காலி இப்போது கடை வாசலில் இருப்பதில்லை, கொடவுனுக்குள் இருக்கிறது. யார் வீட்டில் என்ன விசேஷம் என்று தெரியாமல் கெங்கம்மாள் வியாபாரம் பாதியாகப் படுத்துவிட்டது. எட்டிப் பார்த்து என்ன சமாச்சாரம் அக்கா என்று கேட்டால், ஹாஜிரா கையைக் காட்டிச் சத்தம் போடாதே என்கிறாள். நண்டுக்கு ஒரு வரி இடிக்கிறதாம்.